மார்வாரி குதிரையைத் தார் ரோட்டில் ரேவால் ஓட்டலாமா? முன்கால் தடுக்குகிறது (பெங்களூரு)

எலஹங்காக்காரன்:
வணக்கம். எலஹங்காவுக்கு வடக்கே ஒரு சின்ன லாயத்தில் என் மார்வாரி பெண் குதிரையை விட்டிருக்கிறேன். ஏழு வயது. ராஜஸ்தானில் இருக்கும்போதே ரேவால் என்ற ஓட்டத்தைப் பழக்கிவிட்டார்கள். தெரியாதவர்களுக்கு: ட்ராட் என்ற வழக்கமான துள்ளோட்டத்தில் மூலைக்கு மூலை இரண்டிரண்டு கால் சேர்ந்து விழும், நம்மைத் தூக்கித் தூக்கிப் போடும். ரேவாலில் நாலு காலும் தனித்தனியாக, ஒரு பக்கத்துப் பின்கால், அதே பக்கத்து முன்கால், அப்புறம் அடுத்த பக்கம் என்று விழும். மேலே இருப்பவருக்கு அலுங்கல் குலுங்கல் இல்லை.

லாயத்தைச் சுற்றி இருந்த மண் பாதையெல்லாம் லேஅவுட் ஆகிவிட்டது. உள்ளே கான்கிரீட், வெளியே சர்வீஸ் ரோடு. வண்டி கூடுவதற்கு முன் காலையில் ஒரு மணி நேரம் ஓட்டுகிறேன், பெரும்பாலும் ரேவாலில்தான். கொஞ்ச நாளாக முன்கால் தடுக்குகிறது, திருப்பத்தில் அதிகம். சில சமயம் ரேவால் உடைந்து ஒரே பக்கத்துக் கால்கள் சேர்ந்து விழுகின்றன. ஓட்டி முடித்ததும் முன்குளம்பு இரண்டும் சூடாக இருக்கின்றன.

குதிரைக்காரர், "ரேவால் குதிரைக்கு ரோடு ஒன்றும் செய்யாது, எங்கள் ஊரில் கல்யாண ஊர்வலமெல்லாம் ரோட்டில்தானே" என்கிறார். லாயத்தில் இன்னொருவர் ரோட்டில் நடைக்கு மேல் போவதே பாவம் என்கிறார். யார் சொல்வது சரி?

பழைய சவாரி:
இரண்டு பேர் சொல்வதிலும் பாதி பாதி சரி தம்பி. ரேவாலில் எப்போதும் ஒரு காலாவது தரையில் இருக்கும். ட்ராட் மாதிரி நாலு காலும் அந்தரத்தில் நின்று விழுகிற நேரம் இல்லாததால் ஒவ்வொரு அடியின் இடியும் குறைவு. ஆனால் குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமா? குதிரையின் எடையில் சுமார் 60 விழுக்காடு முன்கால்களில்தான் நிற்கிறது. தார் ரோடு அந்த அதிர்ச்சியை அதிகம் வாங்கிக்கொள்ளாது, கான்கிரீட் அதைவிட மோசம்.

எனக்கு இதில் பெரிய கவலை வேறு. சொகுசு உங்களுக்கு. ட்ராட்டாக இருந்தால் பத்து நிமிடத்தில் உங்கள் முதுகே போதும் என்று சொல்லிவிடும். ரேவாலில் யாரும் சொல்வதில்லை, அதனால் ஒரு மணி நேரம் போய்விடுகிறது. கல்யாணக் குதிரை ஊர்வலத்தில் நகர்வது பேண்டு வாத்தியத்தின் வேகத்தில், அதை இதோடு ஒப்பிட வேண்டாம்.

லாடம் எப்போது அடித்தது?

எலஹங்காக்காரன்:
இரண்டரை மாதம் இருக்கும் அண்ணா. தேயவில்லை என்று விட்டுவிட்டார்கள்.

பழைய சவாரி:
லாடம் தேயாவிட்டாலும் குளம்பு வளரும்! மாதத்துக்கு ஏறக்குறைய 6 முதல் 10 மில்லிமீட்டர். ஆறு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிச் சீவியே ஆக வேண்டும். முன்நுனி நீண்டால் கால் தரையைவிட்டுக் கிளம்பத் தாமதமாகும், தடுக்கும், பின்பக்கத் தசைநார் இழுபடும். ரேவால் எடுப்பாகத் தெரியட்டும் என்று நுனியை வேண்டுமென்றே நீளமாக விடுகிறவர்களும் இருக்கிறார்கள். உங்களுக்கு லாடம் அடிப்பவர் அந்த மாதிரி ஆளாக இருந்தால் மாற்றிவிடுங்கள்.

கொள்ளுப்பை:
வீக்கம் இல்லையென்றால் பியூட் பொடி (ஃபினைல்பியூட்டசோன், வலி மருந்து) இரண்டு நாள் கொடுங்கள், சரியாகிவிடும். எங்கள் பக்கம் அப்படித்தான்.

கால்நடை மருத்துவர்:
தயவுசெய்து வேண்டாம். வலி தெரியாமல் போனால் அது அதே ரோட்டில் இன்னும் வேகமாக ஓடும், அவ்வளவுதான். அந்த மருந்து அளவு மீறினால் வயிற்றில் புண், சிறுநீரகக் கோளாறு. நான் பார்ப்பதற்கு முன் கொடுத்துவிட்டால் எனக்கும் நோய் தெரியாது.

எலஹங்கா சார், குளம்புச் சூடு மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஓடி வந்தால் சூடாகத்தான் இருக்கும். கணுக்காலுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் விரல் வைத்து நாடி பாருங்கள். ஓய்வில் அது லேசாக, தேடினால்தான் கிடைக்கும். எளிதில் பட்படவென்று துடித்தால், அதோடு குதிரை எடையைப் பின்னால் சாய்த்து முன்கால்களை நீட்டி நின்றால், திரும்ப மறுத்தால், அது லாமினைட்டிஸ், அதாவது குளம்புக்குள் இருக்கும் திசு அழற்சி. தீவனம் மிஞ்சினால் மட்டுமல்ல, கெட்டித் தரையில் தொடர்ந்து அடிபட்டாலும் வரும். அப்படித் தெரிந்தால் குளம்புகளை ஐஸ் தண்ணீரில் வைத்துவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள், காலை வரை காத்திருக்க வேண்டாம்.

நொண்டலை ரேவாலில் தேடாதீர்கள். அந்த நடை நொண்டலை மறைத்துவிடும். யாராவது கயிற்றைத் தளர்த்திப் பிடித்து நேராக ட்ராட்டில் ஓட்டட்டும். வலிக்கிற முன்கால் ஊன்றும்போது தலை மேலே போகும், நல்ல கால் ஊன்றும்போது கீழே இறங்கும். ஒருமுறை ரோட்டில், ஒருமுறை மண்ணில். ரோட்டில் மோசம் என்றால் பெரும்பாலும் குளம்பு அல்லது மூட்டு. மண்ணில் மோசம் என்றால் தசைநாரைச் சந்தேகிப்பேன். வீடியோ எடுத்துக்கொண்டு வாருங்கள், குதிரை மருத்துவர் நேரில் வர முடியாவிட்டால் ஹெப்பால் கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள்.

சேணம்:
யாரும் எடையைக் கேட்கவில்லையே. டேப் எடுங்கள்: நெஞ்சுச் சுற்றளவை அதே அளவால் பெருக்கி, தோள் முனையிலிருந்து புட்ட எலும்பு வரையிலான நீளத்தாலும் பெருக்கி, 11,877-ஆல் வகுத்தால் (எல்லாம் சென்டிமீட்டரில்) குதிரையின் எடை கிலோவில் வரும். சேணத்தோடு சேர்த்து நீங்கள் அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுக் கணக்கு. கெட்டித் தரையென்றால் அதைவிடக் குறைவாக இருப்பது நல்லது.

எலஹங்காக்காரன்:
அளந்தேன். சுற்றளவு 168, நீளம் 158. 375 கிலோ வருகிறது. நான் 74, சேணம் 8. ஐந்தில் ஒரு பங்கு என்றால் 75-தான். சேணத்தை மாற்றினால் மட்டும் போதாது போலிருக்கிறது!

ட்ராட் வீடியோவில் இடது முன்கால் ரோட்டில் தெளிவாகத் தெரிகிறது, மண்ணில் இல்லை. நாடி சாதாரணம். நேற்று மருத்துவர் வந்து, லாடம் கழற்றி, அழுத்திப் பார்க்கும் இடுக்கி வைத்தார். நுனிப் பக்கம் அழுத்தினால் காலை இழுக்கிறது. உள்ளங்குளம்பு அடிபட்டிருக்கிறது என்றார். நுனியைக் குறைத்துவிட்டார்கள், மூன்று வாரம் சவாரி இல்லை. குறையவில்லை என்றால் எக்ஸ்ரே.

ஒரு சந்தேகம் பாக்கி: பிறகு ரப்பர் பேட் வைத்து லாடம் அடித்தால் பழையபடி ரோட்டில் ரேவால் ஓட்டலாமா?

பழைய சவாரி:
பேட் இடியைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் உள்ளே ஈரமும் மண்ணும் தங்கி, மழைக்காலத்தில் குளம்பு அழுகும். வெறும் இரும்பு லாடம் மழுங்கின தாரில் வழுக்கும், அதற்காக டங்ஸ்டன் குமிழ் வைத்தால் வழுக்காது, ஆனால் கொஞ்சம் சறுக்கி நிற்க வேண்டிய கால் சட்டென்று நின்று மூட்டு அதிரும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று. நான் செய்வது: ரோட்டில் நடை மட்டும், அதுவும் மண் இருக்கும் இடத்துக்குப் போகிற வழிக்கு. ரேவால் செம்மண்ணில். ஆழமான மணலும் வேண்டாம், அது தசைநாரை வாங்கும்.

கால்நடை மருத்துவர்:
ஆமாம். வலி இருக்கிற குதிரையை வேலைக்கு விடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில் குற்றம். குதிரைக்காரர் "பழகிவிடும்" என்று மூன்று வாரத்துக்குள் சேணம் போட்டால் இதைச் சொல்லுங்கள். அடுத்த லாடத் தேதியை இப்போதே போனில் போட்டு வையுங்கள்.

எலஹங்காக்காரன்:
போட்டுவிட்டேன் டாக்டர். தேவனஹள்ளிப் பக்கம் செம்மண் பாதையோடு ஒரு லாயம் இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறேன். அங்கே யாராவது குதிரை விட்டிருந்தால் தண்ணீர், கொட்டகை எப்படி என்று சொல்லுங்கள்.