நைரோபியிலிருந்து லாகோஸ்: போக மூன்றேகால் மணி, வர ஏழு மணியா?

செங்கோட்டுக்காரன்:
மச்சானுடைய போர்வெல் வண்டி கென்யாவில் மச்சகோஸ் பக்கம் ஓடுகிறது. அடுத்த மாதம் அங்கே போய்விட்டு, அப்படியே நைஜீரியாவில் ஒரு கூட்டாளியின் ரிக்கையும் (துளை போடும் வண்டி) பார்த்து வர வேண்டும். டிக்கெட்டைப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது. நைரோபியில் காலை 9 மணிக்கு ஏறினால் லாகோஸில் 12.15க்கு இறங்குகிறேன். திரும்பும்போது பகல் 1.30க்கு ஏறி, நைரோபி வந்து சேர இரவு 8.40 ஆகிறது. எதிர்க்காற்று என்கிறார் டிக்கெட் போட்டுக் கொடுத்தவர். காற்று நான்கு மணி நேரமா தள்ளும்? எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா வழியாகப் போனால் விலை குறைவு, போகலாமா?

பம்புசெட் கோவை:
தம்பி, காற்றின் மேல் பழி போடாதீர்கள். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகாரம். லாகோஸ் நைரோபிக்கு 2 மணி நேரம் பின்னால் இருக்கிறது. போகும் கணக்கில் இரண்டைக் கூட்டுங்கள், வரும் கணக்கில் இரண்டைக் கழியுங்கள். இரண்டு பக்கமும் ஐந்தேகால் மணியை ஒட்டியே நிற்கும். கோவையிலிருந்து ஷார்ஜா போகிறவர்களுக்கும் இதே கதைதான். அங்கே ஒன்றரை மணி வித்தியாசம் என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. பலமான மேற்குக் காற்று வீசுவது இன்னும் வடக்கிலும் தெற்கிலும்தான். உங்கள் பாதை நிலநடுக்கோட்டை ஒட்டியே போகிறது.

தூரம் நேர்கோட்டில் சுமார் 3,830 கிலோமீட்டர். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரைக்குமே 3,200தான். சுவரில் தொங்கும் உலகப் படம் ஆப்பிரிக்காவைச் சிறிதாகக் காட்டி நம்மை ஏமாற்றிவிடுகிறது. இந்தியாவைப் போல் ஒன்பது மடங்கு பரப்பு அது. ஜன்னல் சீட் கேட்டு வாங்குங்கள். விக்டோரியா ஏரி, உகாண்டா, பிறகு காங்கோ காடு. அந்தக் காட்டின் மேல் பறக்கும்போது மணிக்கணக்கில் பச்சையைத் தவிர வேறொன்றும் தெரியாது. நைரோபியிலிருந்து லாகோஸுக்கு ரிக்கைக் கொண்டுபோக நினைத்தால் மொம்பாசாவில் கப்பலேற்றி நன்னம்பிக்கை முனையைச் சுற்றி அனுப்ப வேண்டியிருக்கும். ஆள் போவது எவ்வளவோ சுலபம்.

அடிஸ் வழி என்றால் வடக்கே 1,160 கிலோமீட்டர் போய், அங்கிருந்து மேற்கே 3,900. பறப்பது மட்டுமே ஏழு மணி நேரம், காத்திருப்பு தனி. மிச்சமாகும் பணத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நான் நேர் விமானத்தில்தான் ஏறுவேன். விமான நிலைய நாற்காலியில் இடுப்பு ஒடிய உட்கார என்னால் ஆகாது.

பெருந்துறையான்:
மணிக்கணக்கு இருக்கட்டும், மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டாயிற்றா? போட்ட 10 நாளுக்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லும். கென்யாவிலிருந்து நைஜீரியாவுக்குள் நுழையும்போதும் கேட்பார்கள், ஊர் திரும்பும்போது நம் விமான நிலையத்திலும் கேட்பார்கள். இல்லையென்றால் தனியாகப் பிடித்து வைத்துவிடுவார்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

செங்கோட்டுக்காரன்:
ஊசிக்கு நாளைக்கே போகிறேன். பம்புசெட் அண்ணா, கூட்டாளி இரண்டு பிட் (துளையிடும் இரும்பு முனை) கேட்கிறார். பெட்டியில் வைத்துக் கொண்டுபோகலாமா?

பம்புசெட் கோவை:
கையில் எடுத்துப்போகும் பையில் வேண்டாம், சோதனையில் நிறுத்திவிடுவார்கள். பெட்டியில் போடலாம், ஆனால் ஒரு பிட்டே பாதி எடையைத் தின்றுவிடும். இரண்டு வைத்தால் வேட்டி சட்டையை மச்சான் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். பில்லைக் கையோடு வைத்திருங்கள், லாகோஸ் சுங்கத்தில் கேட்பார்கள்.