மறு: "நிபந்தனைத் தொகுப்பு" என்பதற்குப் பதில் "முன்களைவு"?

வணக்கம் நண்பர்களே,

சி நிரல்மொழியில் இஃப்டெஃப் என்று ஒரு கட்டளை உண்டு. ஒரு பெயர் வரையறுக்கப்பட்டிருந்தால் மட்டும் தனக்குள் இருக்கும் வரிகளை விட்டுவைக்கும், இல்லாவிட்டால் நீக்கிவிடும். அந்த வேலைக்கு "நிபந்தனைத் தொகுப்பு" என்று நம் கலைச்சொல் பட்டியலில் போட்டிருக்கிறோம். என் தங்கையிடம் வாசித்துக் காட்டினேன். "கடன் பத்திரத்துக்குப் பின்னால் பொடி எழுத்தில் இருக்குமே, அதுவா?" என்று கேட்டாள். அதைவிடப் பெரிய குறை, வரிகள் எப்போது போகின்றன என்பதை அந்தச் சொல் காட்டவில்லை. சாதாரண இஃப் கூட நிபந்தனைதான், ஆனால் நிரல் ஓடும்போது பார்ப்பது. இஃப்டெஃபிலோ, தொகுப்புக்கு முன் நிரலைத் தயார்செய்யும் முன்செயலி வரிகளையே எடுத்துவிடும். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பான் (கம்பைலர்) கண்ணில் அவை படுவதே இல்லை.

ஒரு சீரியல் போர்ட் டிரைவரில் இதனால் நான் பட்டிருக்கிறேன். டீபக் என்ற பெயர் இருந்தால் மட்டும் சேரும் இஃப்டெஃபுக்குள், மதிப்பை அச்சிட்டுக் காட்டும் ஒரு பிரின்ட்எஃப் வரி. வெளியே 'லென்' என்ற மாறியை 'கவுன்ட்' என்று மாற்றினேன், உள்ளே மாற்ற மறந்துவிட்டேன். தொகுப்பான் வாயே திறக்கவில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு பிழையைத் தேட அவசரமாக டீபக்கைப் போட்டால், 'லென்' அறிவிக்கப்படவில்லை என்று பில்ட் நின்றுவிட்டது.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் நிரல்நடை ஆவணம் இதற்கு நல்ல வழி சொல்கிறது. நிரல் இருக்கும் டாட் சி கோப்பில் இஃப்டெஃபைக் கூடியமட்டும் தவிர்த்து, அந்தக் கோப்புகள் சேர்த்துக்கொள்ளும் தலைப்புக் கோப்பில் நிபந்தனையை வைக்கச் சொல்கிறது. நிபந்தனை பொருந்தாதபோதுள்ள எல்ஸ் பக்கத்தில் ஒன்றும் செய்யாத வெற்றுச் செயற்கூறு இருக்கும். அழைக்கும் இடத்தில் நிபந்தனையே தெரியாது. அப்புறம், ஒரு வசதி தேர்வாகியிருக்கிறதா என்று சொல்லும் இஸ்_எனேபிள்ட் மேக்ரோ. அதைச் சாதாரண இஃபுக்குள் போட்டால், தொகுப்பான் உள்ளே இருப்பதையும் படித்து, பெயர் உண்டா, வகை பொருந்துகிறதா என்று பார்த்த பிறகுதான் வேண்டாததை விடுகிறது. என் 'லென்' அன்றைக்கே பிடிபட்டிருக்கும். நிபந்தனை பொருந்தாதபோது உள்ளே வரும் பெயரே இல்லாமல் போகும் என்றால் மட்டும் இஃப்டெஃபை விட்டால் வழியில்லை.

ஆக, நீக்கம் இரண்டு வகை. தொகுப்பான் பார்க்கும் முன்பே போவது முன்களைவு, பார்த்த பிறகு போவது பின்களைவு. வினையாகவும் இயல்பாக வருகிறது: "இந்தத் துண்டை முன்களையாதீர்கள், பின்களைவுக்கு விடுங்கள்." களை என்றால் பயிருக்கு ஆகாதது என்று சிலர் தயங்கலாம். ஐயம் களைவதும் அணிகலன் களைவதும் தமிழில் உண்டு. நீக்குவது என்பதே பொருள்.

"நிபந்தனைத் தொகுப்பு" ஏற்கெனவே பழகிவிட்டது என்பவர்கள், அதை வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் எப்படிப் பிரித்துச் சொல்வீர்கள் என்று ஒரு வாக்கியம் எழுதிக் காட்டுங்கள்.