407 கேபினில் மழைத்தண்ணீர் இறங்குகிறது, எதை வைத்து அடைப்பது?

வெள்ளக்கடை_407:
எங்கள் தோட்டத்து வண்டி 1996 மாடல் டாடா 407 சிறு லாரி. காப்பி மூட்டை, சில்வர் ஓக் கட்டை, கல்யாணத்துக்கு ஆள் என்று எல்லாம் ஏற்றியாகிவிட்டது. இன்ஜின் இன்னும் கல் மாதிரி இருக்கிறது. தொல்லை கேபின்தான். மழை வந்தால் கிளீனர் பக்கம் கால் வைக்கிற இடத்தில் தண்ணீர் தேங்கிவிடுகிறது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவிலும் அது இங்கும் அங்கும் ஓடுவதைப் பார்த்து, கப்பல் விடலாமா என்று கேட்கிறாள் என் மகள்.

போன வருடம் டவுனில் ஒரு பட்டறையில் கூரை மடிப்பு முழுக்க சிலிக்கான் இழுத்து, மேலே பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். மூன்றே மாதத்தில் வெந்த சேப்பங்கிழங்குத் தோல் மாதிரி பெயின்ட் உரிந்து வந்தது. ஒழுகலும் நிற்கவில்லை.

நேற்று கேபின் தரையில் கிடக்கிற கால்மிதியைத் தூக்கிப் பார்த்தேன். தரைத்தகடும் முன்தகடும் சேருகிற ஜாயின்டில் பழைய சீலர் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன், ஓர் இடத்தில் உள்ளேயே போய்விட்டது. ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை. எம்-சீல் போதுமா? நானே செய்ய முடியுமா?

மலைக்காற்று:
எங்கள் ஜீப்புக்கு அடியில் தாரைக் காய்ச்சிப் பூசினோம். இரண்டு வருடம் சொட்டு இறங்கவில்லை. மூன்றாம் வருடம் தார் விழுந்தது, தரையும் கூடவே விழுந்தது. செய்யாதீர்கள்.

பழைய டிங்கர், கொண்டலாம்பட்டி:
தம்பி, சீலர் டியூப் வாங்குவதற்கு முன்னால் ஒரு பாக்கெட் கோலமாவு வாங்குங்கள். கேபின் உள்பக்கத்தை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, ஜாயின்ட் எல்லாவற்றிலும் மாவைத் தூவுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். வெளியிலிருந்து ஹோஸ் பைப்பில் தண்ணீர் விடுங்கள், ஆனால் கீழிருந்து மேலே. முதலில் தரை ஜாயின்ட், அப்புறம் கண்ணாடியின் கீழ் ஓரம், கடைசியில் கூரை. ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் கொடுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லாம் நனைந்துவிடும், எது எங்கே நுழைந்தது என்று தெரியாது.

எம்-சீல் வீட்டுக் குழாய்க்கு நல்ல பொருள். இது மலை ஏறி இறங்கும்போது ஆடுகிற தகடு, அதில் விறைப்பாக இறுகுகிற எதுவும் வெடிக்கும். ஓட்டையை எந்தப் பசையாலும் மூடாதீர்கள். நல்ல தகடு வரும் வரை வெட்டி, ஒட்டுத்தகடு வைத்து வெல்டிங். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத்தான்.

இப்போது உங்கள் பெரிய தலைவலி அந்த சிலிக்கான். அது இருக்கிற இடத்தில் பிரைமரும் பிடிக்காது, பெயின்ட்டும் பிடிக்காது. பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு, சிலிக்கான் எடுக்கிற திரவம் போட்டு, துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். சாதாரண தின்னர் அதை இழுவித்தான் விடும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் உப்புத்தாள். முதலிலேயே தேய்த்தால் கீறலுக்குள் சிலிக்கான் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பழைய சீலரை ஹீட் கன்னில் இளக்கினால் கரண்டியில் வந்துவிடும். அடுத்து துரு. கிரைண்டரில் கம்பி பிரஷ் போட்டால் துருவே பளபளவென்று மின்னும், தகடு வந்துவிட்டது என்று ஏமாறுவோம். நானே ஏமாந்திருக்கிறேன். 80 நம்பர் தாள் போட்டு வெள்ளைத்தகடு பாருங்கள். இரண்டு தகட்டுக்கு நடுவில் ஆக்சா பிளேடு விட்டு இழுங்கள். வெள்ளைக்கல் அள்ளுகிற லாரிகளில் இந்த இடுக்கு முழுக்கத் தூள் அடைத்துக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். உங்களுக்குக் காப்பித் தொலியும் செம்மண்ணும் வரும் என்று நினைக்கிறேன். இடுக்கில் நிற்கிற துருவுக்கு பாஸ்பாரிக் ஆசிட் கலந்த மருந்து போடலாம், ஆனால் கழுவிக் காயவிடாமல் எபாக்சி பிரைமர் அடித்தால் உரியும்.

பிரைமர் காய்ந்த பிறகு பியூ சீலர், அதாவது இறுகினாலும் ரப்பர் மாதிரி வளைந்துகொடுக்கிற பாலியூரித்தேன் பசை. வெறும் தகட்டில் போடாதீர்கள். நாசிலை ஜாயின்டுக்குள் அழுத்தி, பழைய பெயின்ட் பிரஷ்ஷின் முடியைக் குட்டையாக வெட்டி, அதால் உள்ளே தள்ளித் தேய்த்துவிடுங்கள். மேலே புழு மாதிரி படுத்திருந்தால் பிரயோசனமில்லை. கதவின் அடியிலும் தரையிலும் தண்ணீர் வடிகிற சின்ன ஓட்டைகள் இருக்கும், ஆர்வத்தில் அவற்றையும் அடைத்துவிடாதீர்கள்.

வெள்ளக்கடை_407:
அண்ணா, இங்கே பாதி நாள் பனிமூட்டம். சீலர் காயுமா?

பழைய டிங்கர், கொண்டலாம்பட்டி:
பியூ சீலர் காற்றிலிருக்கிற ஈரத்தை எடுத்துத்தான் இறுகும் தம்பி. அதற்குப் பனி பகையில்லை. பகை பிரைமருக்குத்தான். காலையில் தகட்டைத் தொட்டுப் பாருங்கள், வியர்த்திருக்கும். வெயில் ஏறி, தகடு கையில் சூடு தட்டிய பிறகு அடியுங்கள். இல்லையென்றால் மாசி, பங்குனியில் வண்டியைக் கீழே கொண்டுவந்துவிடுங்கள், எங்கள் ஊர் வெயில் சும்மாதான் கிடக்கிறது.

வெள்ளக்கடை_407:
கோலமாவு போட்டுப் பார்த்தேன். "மார்கழிகூட இல்லையே, வண்டிக்குள்ள கோலமா?" என்று வீட்டில் சிரிப்பு. கூரையில் இருபது நிமிடம் தண்ணீர் விட்டும் மாவு மாவாகவே இருந்தது. தரை ஓட்டையிலும் கசிவுதான், பெரிதாக ஒன்றும் வரவில்லை. கண்ணாடிக்கு வந்ததும் இடது கீழ் மூலையிலிருந்து மாவில் கறுப்பாக ஒரு கோடு இறங்கியது. நேராகத் தரை ஜாயின்டில் வந்து நின்றது. கண்ணாடியைச் சுற்றியிருக்கிற ரப்பர் பீடிங்கை விரலால் விலக்கினேன், அடியில் தகட்டு விளிம்பு அப்பளம் மாதிரி உதிர்கிறது. கூரைக்குக் கொடுத்த காசு போனது போனதுதான்.

பழைய டிங்கர், கொண்டலாம்பட்டி:
சரி, அப்படியென்றால் கண்ணாடி வெளியே வந்தாக வேண்டும். விளிம்பை வெட்டித் தகடு வைத்து, மேலே சொன்ன மாதிரியே பிரைமர், சீலர், பெயின்ட். பீடிங் புதிதாக வாங்குங்கள், பழைய ரப்பர் விறைத்திருக்கும். திரும்ப மாட்டும்போது பீடிங் உதட்டுக்குள் நைலான் கயிறு சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, ஒருவர் வெளியிலிருந்து கண்ணாடியை அமுக்க, இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். உதடு தானாக விளிம்பைத் தாண்டி உட்காரும். அவசரப்பட்டு மூலையில் குத்தினால் கண்ணாடி போய்விடும்.

வெள்ளக்கடை_407:
கயிறு இழுக்க ஞாயிற்றுக்கிழமை மச்சான் வருகிறார். மிச்ச மாவு வாசலுக்குப் போய்விட்டது.