டெட் டிரிஃப்ட்: ‘நீர்வழி’ என்றால் போதாதா?

அனைவருக்கும் வணக்கம்.

பூச்சித்தூண்டில் (முள்ளில் கட்டிய போலிப்பூச்சியைக் காட்டி மீன் பிடிப்பது) கையேட்டை மொழிபெயர்க்கும் அம்மா ‘டெட் டிரிஃப்ட்’டுக்குத் தமிழ் கேட்டு நான்கு நாளாகிறது. நூல் இழுக்காமல், தண்ணீர் போகிற போக்கிலேயே பூச்சியைப் போகவிடுவதற்குத்தான் அந்தப் பெயர். இதுவரை வந்தவை மூன்று: செத்த மிதவை, சடமிதப்பு, இயல்மிதப்பு. முதலாவதைப் படித்ததும் ஆற்றில் ஏதோ ஒதுங்கியிருக்கிறது, போலீசைக் கூப்பிட வேண்டும் என்றுதான் தோன்றியது. முன்மொழிந்தவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. மற்ற இரண்டிலும் ‘மிதப்பு’ இடிக்கிறது. ‘அவன் ஒரு மிதப்பில் திரிகிறான்’ என்று பேச்சில் சொல்வது ஒரு பக்கம் இருக்கட்டும். தண்ணீருக்கு அடியில் போகிற பூச்சிக்கும் இதே சொல்தான் வேண்டும், அது எங்கே மிதக்கிறது?

சொல்லைத் தேடும் முன் ஓடையைப் பார்த்துவிடலாம்.

மலையுச்சியில் ஆறு பிறக்கிற இடத்தில் அகலம் பெரும்பாலும் தாண்டிக் குதிக்கிற அளவுதான். பாறைக்குப் பாறை தண்ணீர் விழுந்து, விழுகிற இடத்திலெல்லாம் சாப்பாட்டு மேசை அளவில் ஒரு மடு. டிரவுட் மீன் வேகநீரில் நின்று வீணாக மல்லுக்கட்டாது. பாறையை ஒட்டி, ஓட்டம் தணிந்த இடத்தில், நீர் வரும் திசைக்கு முகம் கொடுத்து நிற்கும். ஒரு சாண் தள்ளி ஓடும் வேகநீர் இரையைக் கொண்டுவரும். எட்டிக் கவ்விவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். குளிர்ந்த தண்ணீர், இரை குறைவு, வளரும் பருவமும் குறுகியது. அதனால் மலையோடை மீன் கண்ணில் பட்டதையெல்லாம் கவ்வும் என்பார்கள். சரிதான், ஆனால் அந்த இரை தண்ணீரோடு தண்ணீராக வர வேண்டும்.

அங்கேதான் நூல் குறுக்கே வருகிறது. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை தூண்டில் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். பூச்சித்தூண்டிலில் எல்லாம் தலைகீழ். முள்ளில் இறகும் மயிரும் சுற்றிக் கட்டிய பூச்சிக்கு எடையென்று சொல்ல ஒன்றுமில்லை. கனமான நூலைத்தான் வீசுகிறோம், பூச்சி அதன் வாலில் போகிறது. விழுந்த பிறகு அந்தக் கனமே வினையாகிறது. பூச்சி எதிர்க்கரையோரம் மெதுநீரில் இறங்கியிருக்கும், நூல் நடுவே ஓடும் வேகநீரின்மேல் கிடக்கும். இரண்டே நொடி. நடுநீர் நூலைக் கீழ்நோக்கி வில்லாக வளைக்கும், வளைந்த நூல் பூச்சியை இழுக்கும், பூச்சி தண்ணீரைக் கீறிக்கொண்டு குறுக்கே ஓடும். உயிருள்ள பூச்சி பொதுவாக வெள்ளத்தை அப்படி வெட்டிக்கொண்டு போவதில்லை என்று மீனுக்குத் தெரியும்.

எனக்கு அது தெரிய ஒரு முழுக் காலைப்பொழுது ஆயிற்று. மடுவில் மூன்று மீன் தெளிவாகத் தெரிந்தன. பூச்சியை மாற்றி மாற்றி ஐந்து வகை கட்டினேன். ஒரு மீன் எழும்பி வந்து, மூக்கு தொடும் தூரத்தில் பூச்சியோடு கூடவே கொஞ்சம் பின்னால் நகர்ந்தது. பூச்சி ஒரு விரற்கடை பக்கவாட்டில் விலகியதும் அப்படியே இறங்கிப் போயிற்று. கூட வந்த பெரியவர், ‘பூச்சியை விடுங்க தம்பி, கோலைத் தூக்குங்க’ என்றார். பாறைக்குப் பின்னால் மண்டியிட்டுக் கோலை உயர்த்தினேன். நூல் முழுக்கக் காற்றில் நின்றது, முள்ளுக்குப் பக்கத்தில் உள்ள மெல்லிய தங்கூசியின் நுனி மட்டும் நீரைத் தொட்டது. அதே மடு, அதே பூச்சி. கவ்வியது. (ஜப்பானிய மலையோடைகளின் டென்காரா முறை முழுக்க இந்த அடிப்படைதான். சுருள் சக்கரமே கிடையாது. நீண்ட கோலின் நுனியில் கட்டிய நூலை நீரில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொள்வார்கள்.)

ஆக, கரையில் நிற்பவருக்கு உள்ள கேள்வி இதுதான்: பூச்சி யார் சொல்படி போகிறது, தண்ணீர் சொல்படியா, நூல் சொல்படியா? இந்த இரண்டையும் இணையாகப் பெயரிட்டால் கையேட்டில் பாதி விளக்கம் மிச்சமாகும். என் பரிந்துரை: டெட் டிரிஃப்ட் என்பது நீர்வழி, அதைக் கெடுக்கும் டிராக் என்பது நூல்வழி.

நீர்வழி நான் செய்த சொல் அல்ல. புறநானூறு 192ஆம் பாட்டின் முதல் அடியை எல்லோரும் மேடையில் சொல்வோம், அதற்குள் ஓடும் ஆற்றை யாரும் நின்று பார்ப்பதில்லை. கல்லில் மோதி இரையும் பேராறு, அதில் ‘நீர்வழிப் படூஉம் புணை’, அதாவது நீர் போகும் வழியே போகிற தெப்பம். துடுப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. நமக்கு வேண்டிய படம் அப்படியே இருக்கிறது.

டிராக்குக்கு ‘இழுவை’ வேண்டாம், அதை இயற்பியல்காரர்கள் எடுத்துக்கொண்டாயிற்று. ‘இழுப்பு’ வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். மேலும் ஆங்கிலத்தில் சுருள் சக்கரத்தின் தடைக்கும் டிராக் என்றே பெயர். அவர்கள் ஒரே சொல்லில் இரண்டையும் சுமக்கிறார்கள் என்பதற்காக நாமும் சுமக்க வேண்டியதில்லை. அதைத் தடை என்றே சொல்லிக்கொள்ளலாம்.

⁂

மறுமொழி:

நீர்வழி என்றால் படகும் கப்பலும் போகிற பாதை. சாலைவழி, வான்வழி, நீர்வழி என்று பள்ளிப் பிள்ளை சொல்லும். இருக்கிற சொல்லின் தலையில் புதுப்பொருளை ஏற்றாதீர்கள்.

⁂

மறுமொழி:

ஐயா, வணக்கம். எனக்கு நீர்வழி பிடித்திருக்கிறது. ஆனால் நிம்ஃப் (தண்ணீருக்கு அடியில் விடும் பூச்சி) அத்தியாயத்தில் வைத்துப் பார்த்தேன், மாட்டிக்கொண்டது. அடியில் கற்களோடு உராய்வதால் தண்ணீர் மெதுவாக ஓடுகிறது, மேலே வேகமாக ஓடுகிறது. நூலில் கட்டிய தக்கை மேல்நீரோடு அழகாகப் போகிறது. அதே தக்கை அடியில் உள்ள பூச்சியை அதன் வேகத்துக்கு மீறி இழுத்துக்கொண்டும் போகிறது. மேலே பார்த்தால் நீர்வழி, கீழே நூல்வழி. இதை எப்படி எழுதுவது?

இன்னொன்று. தூண்டில் போடுகிறவர்கள் நரம்பு என்றுதான் சொல்கிறார்கள். நூல் என்றால் தையற்கடை ஞாபகம் வருகிறது.

⁂

மறுமொழி:

அம்மா, உங்கள் முதல் கேள்விதான் உண்மையான சோதனை. எந்த நீர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவோம்: மேல்நீர்வழி, அடிநீர்வழி. நிம்ஃபுக்கு வேண்டியது அடிநீர்வழி. தக்கை பக்கத்தில் ஓடும் நுரைக்குமிழியைவிடச் சற்றுப் பின்தங்கினால் பூச்சி அடிநீரின் வேகத்தில் போகிறது என்று கொள்ளலாம்; குமிழியோடு சரிசமமாக ஓடினால் தக்கை இழுக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். ‘மிதப்பு’ என்று வைத்திருந்தால் இந்த வேறுபாட்டைச் சொல்லவே இடமிருக்காது.

நரம்பு பற்றி: நீங்கள் சொல்வது முள்ளுக்குப் பக்கத்தில் உள்ள பகுதிக்குப் பொருந்தும். அதை நரம்பு என்றோ தங்கூசி என்றோ தாராளமாக எழுதலாம். வீசுகிற கனமான பகுதி பொதுவாகப் பின்னிய இழையின்மேல் பிளாஸ்டிக் பூசியது, அதற்கு நூல் தப்பில்லை. இரண்டுக்கும் இரண்டு சொல் இருப்பது நல்லதுதான்.

படகுப் பாதை என்று மறுத்த நண்பருக்கு: ஒப்புக்கொள்கிறேன், பெயர்ச்சொல்லாகத் தனியே நின்றால் குழப்பும். ‘நீர்வழிப்பாடு’ என்று நீட்டிப் பார்த்தேன், கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. பெயராக வரும்போது நீர்வழிப்போக்கு, வினையாக வரும்போது நீர்வழி விடுதல் என்று வைப்போம். ‘பூச்சியை நீர்வழி விட்டான்’ என்றால் யாரும் துறைமுகத்தைத் தேட மாட்டார்கள்.

நூல்வழியைப் ‘பிழை’ என்று பெயரிடாததில் ஒரு லாபமும் உண்டு. சில கேடிஸ் பூச்சிகள் முட்டையிட வரும்போது நீரின்மேல் துள்ளித் துள்ளி ஓடும். அந்த நேரத்தில் தெரிந்தே பூச்சியை நூலால் இழுத்து ஓடவிடுவார்கள். அங்கே ‘நூல்வழி விடுங்கள்’ என்று எழுதலாம், இடிக்காது.

‘மெண்ட்’ இன்னும் பாக்கி. வேகநீர் வளைக்கும் முன் கோலின் நுனியால் நூலைத் தூக்கி நீர் வரும் பக்கம் புரட்டிப் போடுவது. ‘புரட்டு’ என்றால் பொய் என்றாகிவிடும். ‘மறித்துப் போடுதல்’ எனக்குச் சரியாகப் படுகிறது. மண்ணை மறித்துப் போடுவதுபோல. அம்மா, இந்த வாக்கியத்தைக் கையேட்டில் போட்டு, தூண்டிலே தொடாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள்: ‘பூச்சி விழுந்ததும் நூலை மேல்பக்கமாக மறித்துப் போடுங்கள், பாறையைத் தாண்டும்வரை நீர்வழி விடுங்கள்.’ எந்த இடத்தில் நெற்றியைச் சுருக்குகிறார் என்று மட்டும் பார்த்து எழுதுங்கள்.