எல்க் வேட்டைக்கு எந்த ரைஃபிள்? கொலராடோ மலை அனுபவம்

முதல் தடவை எல்க் என்னும் பெரிய மானை வேட்டையாடப் போகிறவர்கள் பலர் .300 வின்செஸ்டர் மேக்னம் என்னும் சக்திவாய்ந்த தோட்டாதான் வேண்டும் என்று நிற்கிறார்கள். நான் கலிபரை, அதாவது குண்டின் விட்டத்தை, பிறகுதான் பார்ப்பேன். முதலில் குண்டு எப்படிச் செய்யப்பட்டது என்று பார்க்கணும்.

கொலராடோவின் சான் ஹுவான் மலைகளில் நான் தூக்கிக்கொண்டு நடப்பது .30-06. 1906-இல் அமெரிக்க ராணுவத்துக்கு வந்த தோட்டா. அதில் 180 கிரெயின் எடையுள்ள நோஸ்லர் பார்ட்டிஷன் குண்டைப் போடுகிறேன். அந்தக் குண்டின் நடுவே உலோகத் தடுப்பு ஒன்று உண்டு. முன்பாதி விரிந்தாலும் பின்பாதி சிதையாமல் ஆழமாகப் போகும். வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும், தோள் எலும்பு அவ்வளவு கனம். சின்ன மானுக்கான மெல்லிய குண்டு அதில் பட்டால் மேலேயே சிதறிவிடலாம். காயத்தோடு அது காட்டுக்குள் ஓடி மறைந்தால் எத்தனை நாள் துடிக்குமோ. அந்த வேதனையைக் கொடுக்க நமக்கு உரிமையே இல்லை.

போன அக்டோபரில் ஆஸ்பென் மரங்களின் ஓரமாக ஒரு எல்க் பின்பக்கம் சற்றே என் பக்கமாக இருக்கும்படி திரும்பி நின்றது. தூரமானி 250 கெஜம் காட்டியது. ஆனால் நல்ல இறக்கம், கிடைமட்டத் தூரம் 225தான். மலையில் ஏற்றமோ இறக்கமோ, கிடைமட்டத் தூரத்துக்கே குறி வைக்கணும், இல்லாவிட்டால் குண்டு மேலே போகும். முதுகுப்பையைப் பாறைமேல் வைத்து, ரைஃபிளை அதில் தாங்கிச் சுட்டேன். விலாவில் நுழைந்து எதிர்த்தோளை உடைத்தது. சில அடி நடந்து சாய்ந்துவிட்டது.

கூட வந்த நண்பர் முதலில் மேக்னம்தான் வைத்திருந்தார். அதன் உதைப்புக்குப் பயந்து, விசையை இழுக்குமுன்பே தோள் துள்ளும். உதைப்பு குறைந்த .270 தோட்டாவுக்கு மாறிய பிறகு குறி தப்புவதே இல்லை.

சட்டப்படி கொலராடோவில் எல்க்குக்குக் குறைந்தது .24 கலிபர், 85 கிரெயின் விரியும் குண்டு, 100 கெஜத்தில் 1000 அடி-பவுண்டு தாக்கு ஆற்றல் வேண்டும். 6.5 க்ரீட்மோர் என்னும் சிறிய தோட்டாவும் அந்த அளவை எட்டும். ஆனாலும் அதை வைத்து 300 கெஜத்துக்கு மேல் நான் சுட மாட்டேன்.

அப்புறம் எடை. 10,000 அடி உயரத்தில் மூச்சு வாங்கும், அதனால் கனமான ரைஃபிள் வேண்டாம். ரொம்ப லேசாக இருந்தாலும் உதைப்பு கூடும். ஸ்கோப்போடு சேர்த்து எட்டு பவுண்டு எனக்குச் சரியாக இருக்கிறது. வேட்டைக்கு எடுத்துப்போகும் அதே தோட்டாவால், உட்கார்ந்தும் மண்டியிட்டும் கோடையிலேயே சுட்டுப் பழகிவிடுங்கள்.