காப்பகப் பிள்ளைகளுக்கு உழைப்பைக் கற்றுத்தர உதவி தேவை

குழு அன்பர்களுக்கு வணக்கம். பாலக்கோடு அருகே பெற்றோரை இழந்த பிள்ளைகள் தங்கியிருக்கும் ஒரு காப்பகத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் பாடம் சொல்லித்தர நான் சென்று வருகிறேன். கேட்டது அனைத்தும் நன்கொடையாக வந்துவிடுவதால், தட்டில் விழும் களிக்குப் பின்னால் எத்தனை கைகளின் பாடு இருக்கிறது என்பதை அறியாமலேயே அவர்கள் வளர்கிறார்கள் என்பது என் நெடுநாள் கவலை.

சென்ற ஆண்டு, குறும்பு செய்தவர்களைக் களை பறிக்க அனுப்பினோம். அது பெரும் தவறு. வேலை என்றாலே தண்டனை என்று பிள்ளைகள் எண்ணத் தொடங்கிவிட்டார்கள்.

ஆகவே இந்த ஆடிப் பட்டத்தில், காப்பகத்தின் பின்புறமுள்ள கால் ஏக்கரில் கேழ்வரகும் அதனூடே அவரையும் விதைத்து, விருப்பமுள்ள பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பாத்தி ஒதுக்க நினைக்கிறோம். கேழ்வரகு ஏறக்குறைய நான்கு மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும். அவரையோ தை வரை காய்க்கும் என்பதால், காத்திருப்பதன் அருமையையும் அவர்கள் உணர்வார்கள். பதினான்கு வயதுக்கு உட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைச் சட்டம் தடை செய்கிறது. அச்சட்டம் இல்லாவிட்டாலும், படிப்பையும் விளையாட்டையும் கெடுக்காமல் மாலையில் அரைமணி நேரம் போதும் என்பதே என் எண்ணம். விளைச்சல் முழுவதும் பிள்ளைகளின் சமையலுக்கே.

மானாவாரி வேளாண்மையில் பழுத்த அனுபவமுள்ள பெரியவர் எவரேனும் மாதம் இருமுறை வந்து, அதட்டாமல் சொல்லித்தர இயலுமா? நாட்டு அவரை விதையும், சிறுவர் கைக்கு ஏற்ற பத்துக் களைக்கொத்துகளும் தேவைப்படுகின்றன. பணம் வேண்டாம். உதவ விரும்புவோர் இப்பதிவின் கீழ் தெரிவிக்க வேண்டுகிறேன்.