புதுப்பிப்பு: ஜேக்வெரி செயலியை ரியாக்டில் மாற்றி எழுதும் கேள்வி

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. ஜேக்வெரி (jQuery) என்ற பழைய ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் 1.8 பதிப்பில் ஒழுங்காக ஓடும் இருப்புக் கணக்குச் செயலியை, ரியாக்ட் (React) என்ற புதிய நூலகத்தில் முழுசாக மாற்றி எழுதலாமா என்று கேட்டிருந்தேன். எழுதவில்லை. "பதிப்பை மட்டும் உயர்த்துங்கள், மைக்ரேட் பிளகினை நடுவில் போடுங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. மைக்ரேட் என்பது, புதிய பதிப்பில் நீக்கிய பழைய கட்டளைகளை ஓடவைத்து, எங்கே மாற்ற வேண்டும் என்று எச்சரிக்கும் துணைநிரல்.

முதலில் மைக்ரேட் 1.4.1-உடன் ஜேக்வெரி 1.12.4. பிரவுசர் கன்சோலில் (பிழைச் செய்திகள் வரும் பகுதி) வந்த எச்சரிக்கைகள் எல்லாம் தீர்ந்த பிறகு, மைக்ரேட் 3-உடன் ஜேக்வெரி 3. மைக்ரேட்டின் சுருக்காத (minify செய்யாத) கோப்பையே போடுங்கள். சுருக்கிய கோப்பு எச்சரிக்கை காட்டாது. இது தெரியாமல் ஒரு நாள் போனது. பழைய கட்டளைகளில் 'லைவ்' (live) வந்த இடமெல்லாம் 'ஆன்' (on) ஆனது, 'சைஸ்' (size) போய் 'லெங்த்' (length) வந்தது. அது சுலபம்.

எதிர்பாராதது 'தென்' (then), அதாவது ஒரு வேலை முடிந்ததும் ஓட வேண்டிய ஃபங்ஷனைக் கொடுக்கும் கட்டளை. ஏற்கெனவே முடிந்த டெஃபர்டில் (ஒரு வேலையின் முடிவைப் பின்னால் தரும் பொருள்) 'தென்' போட்டால், பழைய பதிப்பில் அதனுள் இருக்கும் ஃபங்ஷன் உடனே ஓடிவிடும். 3-இல் எப்போதும், அப்போது ஓடிக்கொண்டிருக்கும் கோட் முடிந்த பிறகுதான் ஓடும். அதனால் அடுத்த வரியில் மொத்தத் தொகை காலியாக வந்தது, எச்சரிக்கையும் இல்லை. அந்த வரியை ஃபங்ஷனுக்குள்ளேயே நகர்த்தினேன், சரியானது.

ரியாக்ட் மோசம் என்று சொல்லவில்லை. புதிதாக வரும் அறிக்கைப் பக்கத்தை மட்டும் அதில் எழுதுகிறோம். ஓடுகிற கோடில் எத்தனையோ பேர் சொன்ன பிழைகளுக்கான திருத்தங்கள் இருக்கின்றன; அவற்றைத் தூக்கிப்போட எனக்கு மனசில்லை.